கரிசலில் பிசுக்கு எடுத்த கதை

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது குளத்தூர். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழையில் நனைந்ததும் பசையாகிவிடும். ஈரத்தில் உப்பிப் பெருகும் மாண்ட்மொரில்லோனைட் வகைக் களிமண் இதில் மிகுதி. அது மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. செயினில் ஏறினால் அங்குள்ள எண்ணெயோடு குழைந்து, ஸ்பிராக்கெட்டின் பற்களை அராவத் தொடங்கும். இந்த வட்டாரத்தில் பைக் வைத்திருப்பவர் பிசுக்கு எடுக்கும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

பைக் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலை இங்கே இருந்தது. மாட்டுவண்டியின் அச்சுக்குப் போட்ட மை, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்தது. ஆமணக்கு புஞ்சை ஓரத்திலேயே விளைந்தது. வண்டி மை வேட்டியில் ஒட்டினால் உவர்மண் போட்டு வெள்ளாவியில் அவித்துத்தான் எடுத்தார்கள். உவர்மண்ணில் உள்ள சோடா உப்பு, காரத்தன்மை கொண்டது. தாவர எண்ணெயோடு காரம் சேர்ந்து கொதித்தால் எண்ணெயின் ஒரு பகுதி சோப்பாக மாறும். அந்தச் சோப்பே மீதி அழுக்கையும் இழுத்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட வேதியியல் அது.

பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் வந்ததும் அந்த முறை பலிக்கவில்லை. இன்ஜின் ஆயிலும் கிரீஸில் உள்ள எண்ணெயும் பெட்ரோலியத்தில் பிறந்தவை. காரம் பட்டாலும் அவை சோப்பாக மாறுவதில்லை. அவற்றைக் கரைக்க அதே குடும்பத்துப் பொருள் வேண்டும். அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டுக்கு வீடு விளக்கில் எரிந்துகொண்டிருந்தது: சீமெண்ணெய் என்று ஊரார் சொன்ன மண்ணெண்ணெய்.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. ஆனாலும் கிராமத்துச் சம்சாரிக்கு வண்டி கைக்கு எட்டியது 1980-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, பருத்தி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கரிசல் காடுகளுக்குள் புகுந்தது. கூடவே சிற்றூர்களிலும் மெக்கானிக் கடைகள் முளைத்தன. பாதியாக அறுத்த ஆயில் கேன், அதில் நாலு விரற்கடை மண்ணெண்ணெய், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், துடைக்கப் பனியன் வேஸ்ட். கழற்றிய செயினை அதில் ஊறப்போட்டு, கண்ணி கண்ணியாகத் தேய்த்து எடுப்பதுதான் கடையில் சேரும் பையன் கற்கும் முதல் வேலை.

டூ-ஸ்ட்ரோக் வண்டி இன்னொரு தலைவலியையும் கொண்டுவந்தது. பெட்ரோலோடு கலந்து எரியும் ஆயில், சைலன்சருக்குள் கரியாகப் படியும். அதை எடுக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி வைத்தார்கள். ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ ஆலை காஸ்டிக் சோடா தயாரிப்பதால், தூத்துக்குடி மாவட்டத்துக்கு அது அந்நியப் பொருள் இல்லை. இரும்பு சைலன்சர் அதைத் தாங்கிக்கொள்ளும். அலுமினியம் தாங்காது. இன்ஜின் பிளாக்கின் விசிறி மடிப்புகளில் அது பட்டால் ஹைட்ரஜன் வாயு நுரைத்துக் கிளம்ப, உலோகம் அரிபட்டுக் கறுக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

பெட்ரோல் இன்னும் மோசம். கார்புரேட்டரைப் பெட்ரோலில் அலசுவது பல கடைகளின் வழக்கம். பெட்ரோல் ஆவி பூஜ்யம் டிகிரிக்கும் வெகு கீழேயே தீப்பற்றும். சுவிட்சைத் தட்டும்போது எழும் ஒரு பொறி போதும். 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்படும் வரை, அதில் கை நனைத்தவர்கள் ஈயத்தையும் சேர்த்தே தொட்டார்கள். புற்றுநோய் தரும் பென்சீன் இன்றைய பெட்ரோலிலும் சிறிதளவு உண்டு.

தீப்பற்றாத கரைப்பான் வேண்டும் என்று தேடிய தொழிற்சாலைகள் குளோரின் சேர்ந்த திரவங்களுக்குப் போயின. கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுத்தது, ஓசோன் படலத்தையும் அரித்தது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-ல் இந்தியா அதைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. இன்னொன்றான ட்ரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முடிவு சொன்னது.

மண்ணெண்ணெயின் காலமும் மாறியது. நீலச் சாயம் கலந்த ரேஷன் மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை விதித்தது. மின்சாரமும் சமையல் எரிவாயுவும் வீடுதோறும் வந்தபின் ரேஷன் ஒதுக்கீடும் சுருங்கியது. அந்த இடத்தைப் பிடிக்க வந்தவைதான் ஸ்பிரே டப்பாக்களிலும் கேன்களிலும் விற்கும் டீகிரீஸர்கள்.

புதியது என்பதாலேயே அவை பாதுகாப்பானவை ஆகிவிடாது. இன்று பல பைக்குகளில் ஓ-ரிங் செயின் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் சிறு ரப்பர் வளையம் உள்ளே கிரீஸை அடைத்துக் காக்கும். கடுமையான கரைப்பான் அந்த ரப்பரை ஊதவோ வெடிக்கவோ செய்துவிட்டால் செயினே பாழ். அத்தகைய செயினுக்கும் மண்ணெண்ணெயையும் மென்மையான பிரஷையும் யமஹா போன்ற நிறுவனங்களின் கையேடுகளே பரிந்துரைக்கின்றன. நீராவியும் அதிவேகத் தண்ணீர் பீய்ச்சலும் கூடாது என்கின்றன. ‘இயற்கை’ என்று விற்கும் ஆரஞ்சுத்தோல் எண்ணெய்க் கலவையும் தீப்பற்றக்கூடியதே. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும்.

பழைய பழக்கத்தில் திருத்த வேண்டியவை சில உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை வெயில் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், உச்சி வேளையில் பீடி புகையும் இடத்தில் இந்த வேலை ஆகாது. வெறுங்கையோடு தொட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிப்பும் அரிப்பும் வரும். நைட்ரைல் கையுறை அதைத் தடுக்கும். மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் அதைத் தண்ணீர் என்று குடித்து, நுரையீரல் கெட்டு மருத்துவமனைக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. பிரேக் ஷூவிலும் டிஸ்க்கிலும் எந்த எண்ணெயும் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

இன்ஜினின் வெளிப்புறத்துக்கும் பெயின்டுக்கும் அலுமினியப் பாகங்களுக்கும், தண்ணீரில் கலக்கும் காரமில்லாத டீகிரீஸரே ஏற்றது. லேபிளில் காஸ்டிக், குளோரின் சேர்ந்த கரைப்பான் என்று கண்டால் வாங்க வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகு பூசி, சற்று நேரம் விட்டு, பிரஷால் தேய்த்துக் கொஞ்சம் தண்ணீரில் அலசினால் போதும்.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடலை ஒட்டிய இந்தப் பகுதியில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும். மழைநீரைத் தேக்கும் ஊருணியும் கண்மாயும்தான் மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் ஆதாரம். ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்திக் கழுவாதீர்கள். பிசுக்கேறிய மண்ணெண்ணெயைத் தெளியவைத்து மறுபடியும் பயன்படுத்துங்கள். அடியில் தங்கும் கசடையும் பழைய ஆயிலையும் ஓடையில் கொட்டாமல், கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.