பேரை எடுத்துவிட்டோம், கவலைப்படாதீர்கள்!

நேற்று ராத்திரி இன்டர்நெட்டில் என்ன தேடினீர்கள்?

என்னிடம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து டீவி பார்க்கிறவரிடமும் சொல்ல வேண்டாம். மனசுக்குள் நினைத்துப் பார்த்தால் போதும். சரி, போன வாரம் என்ன தேடினீர்கள்? மூன்று மாதத்துக்கு முன்னால்? இடது கை ஏன் மரத்துப் போகிறது, வேலையை விட்டால் பி.எஃப். பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், காலேஜில் கூடப் படித்த அந்தப் பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள்... டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற சமாசாரம், வக்கீலிடம் கேட்டால் ஃபீஸ் ஆகிவிடுமே என்று பயப்படுகிற சமாசாரம், கட்டினவளிடம் கேட்கவே முடியாத சமாசாரம், எல்லாவற்றையும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியில் கொட்டிவிடுகிறோம். அதுபாட்டுக்கு பதில் சொல்லிவிட்டுப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

அமெரிக்காவில் சுமார் ஆறரை லட்சம் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2006ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 4ஆம் தேதி வரைக்கும்.

ஏ.ஓ.எல். என்றொரு கம்பெனி. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் இன்டர்நெட் என்றாலே அவர்கள்தான். எங்கள் சேவையில் சேருங்கள், இத்தனை மணி நேரம் இலவசம் என்று வீடு வீடாக சிடி அனுப்பிக் கொன்றெடுத்தார்கள். வாங்கின சிடியை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் காபி கோப்பைக்கு அடியில் வைத்தார்கள். 2006 வாக்கில் அந்த மவுசெல்லாம் போய்விட்டது. பிராட்பேண்ட் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டது. ஆனாலும் லட்சக்கணக்கான பேர் பழைய பழக்கத்தில் ஏ.ஓ.எல். மூலமாகவே தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கம்பெனிக்குள் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு. அங்கிருந்தவர்களுக்கு ஒரு நல்ல எண்ணம். மனிதர்கள் எப்படித் தேடுகிறார்கள், முதல் தடவை கிடைக்காவிட்டால் வார்த்தையை எப்படி மாற்றிப் போடுகிறார்கள் என்றெல்லாம் ஆராயப் பல்கலைக்கழகங்களில் ஆள் இருக்கிறது, ஆராய்வதற்கு விவரம் இல்லை. விவரமெல்லாம் கம்பெனிகளின் பெட்டிக்குள். நாமாவது கொடுப்போமே என்று, மார்ச் முதல் மே வரை 3 மாதம் வாடிக்கையாளர்கள் தட்டிய தேடல்களில் சுமார் 2 கோடியைத் திரட்டி, ஒரு ஃபைலாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. சுருக்கினால் ஒரு சிடிக்குள் அடங்கிவிடுகிற சைஸ்தான்.

அடப்பாவிகளா, பேரோடா என்று கேட்காதீர்கள். அவ்வளவு அசடுகள் இல்லை. பேரையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள்.

வினையே அந்த நம்பரில்தான் வந்தது. ஒரே ஆள் தேடியதெல்லாம் ஒரே நம்பருக்குக் கீழே வரும். ஆராய்ச்சிக்கு அது அவசியம், இல்லாவிட்டால் ஒரு ஆள் அடுத்து என்ன தேடினார் என்று எப்படித் தெரியும்? ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு கேள்வி, வெறும் கேள்வி. ஒரே ஆள் மூன்று மாதம் கேட்ட முந்நூறு கேள்வி? அது டயரி. பேர் எழுதாத டயரி, அவ்வளவே.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் இரண்டு பேர் அந்த ஃபைலைத் திறந்து உட்கார்ந்தார்கள். 7 இலக்கத்தில் ஒரு நம்பர். அதற்குக் கீழே வரிசையாகத் தேடல்கள். விரல் மரத்துப்போவது பற்றி. அறுபது வயதைத் தொட்ட, தனியாக இருக்கிற ஆண்கள் பற்றி. கண்ட இடத்திலெல்லாம் மூத்திரம் போகிற நாய் பற்றி. நடுவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு சிற்றூரைச் சொல்லி, அங்கே தோட்டம் போட்டுத் தருகிறவர்கள் யார் என்று. பிறகு ஒரு குறிப்பிட்ட குடியிருப்பில் வீடு என்ன விலை போகிறது என்று. அப்புறம், ஒரே குடும்பப் பெயர் கொண்ட சில பேரைப் பற்றி.

போதாதா? ஊர் தெரிந்துவிட்டது, குடியிருப்பு தெரிந்துவிட்டது, குடும்பப் பெயரும் வந்தாச்சு. நிருபர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 62 வயது அம்மாள். கணவர் காலமாகிவிட்டார். வீட்டில் 3 நாய்கள். தேடல் பட்டியலைப் படித்துக் காட்டினார்கள். ஆமாம், என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார் அந்த அம்மாள். தோளுக்குப் பின்னால் நின்று ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். ஆகஸ்ட் 9ஆம் தேதி செய்தி வந்தது. ஃபைல் வெளியாகி ஐந்தே நாள்.

அவருடைய சம்மதத்தோடு பத்திரிகை பேரைப் போட்டது. எனக்கும் தெரியும், நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதைக்கு அவர் பேர் தேவையில்லை.

இதில் இன்னொரு கூத்து. அந்தப் பட்டியலில் கை நடுக்கம், வாய் உலர்வது, சிகரெட்டால் வருகிற கெடுதல், மனநோய் என்று வியாதிகள் வரிசை கட்டி நின்றன. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஐயோ பாவம், இந்த அம்மாளுக்கு இத்தனை நோயா! இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் பார்த்தால் கதவைச் சாத்திவிடுவான். உண்மை என்ன? அவற்றில் பலவும் சிநேகிதிகளுக்காகத் தேடியது. உனக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், இரு, பார்த்துச் சொல்கிறேன் என்கிற ரகம். ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு அத்தை இருப்பார் இல்லையா? தேடியது நிஜம், அதை வைத்து எடுக்கிற முடிவு பொய்.

அதே ஃபைலில் இன்னொரு நம்பர், மனைவியை எப்படிக் கொல்வது என்று தேடியிருந்தது. உலகமே அந்த ஆளைப் பற்றிப் பேசியது. கொலைகாரனா? துப்பறியும் கதை எழுதுகிறவரா? வக்கிரம் பிடித்து சும்மா தட்டிப் பார்த்தவரா? மூன்றில் எதுவானாலும் ஃபைலில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பேரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்கிற நம்பிக்கை ஏ.ஓ.எல். கண்டுபிடித்ததல்ல. அது தப்பு என்பதும் அதற்குப் பத்து வருஷம் முன்பே நிரூபணமான விஷயம்.

1996 மே 18. மாசசூசெட்ஸ் மாநில கவர்னர் வில்லியம் வெல்ட் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். அதே மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கிற அமைப்பு ஒன்று, சுமார் 1,35,000 பேருடைய சிகிச்சை விவரங்களை ஆராய்ச்சிக்காகக் கொடுத்து வந்தது. பேர் இல்லை, முகவரி இல்லை, ஆகவே பயமில்லை என்று கவர்னரே உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

எம்.ஐ.டி.யில் லடான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி. உத்தரவாதத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சிகிச்சைப் பட்டியலில் பேர் இல்லைதான், ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. கவர்னர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதிலும் அதே மூன்று விவரம், கூடவே பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கவர்னர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். கவர்னரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். என்ன வியாதி, என்ன மருந்து, எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதை கவர்னர் அலுவலகத்துக்கே அனுப்பியும் வைத்தார். கெட்டிக்காரப் பெண்!

கவர்னர் பிரபலம், மயங்கி விழுந்ததே ஊருக்குத் தெரியும், அதனால் சுலபம் என்று பிற்பாடு சிலர் மறுத்துப் பேசினார்கள். நியாயம்தான். ஆனால் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 365 நாள். 80 வயசு வரைக்கும் என்று வைத்தால் 29,200 பிறந்த தேதிகள். ஆண், பெண் என்று இரண்டால் பெருக்கினால் 58,400 பெட்டிகள். ஒரு அஞ்சல் குறியீட்டுக்குள் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். பெட்டி 58,400, ஆள் 10,000. முக்கால்வாசிக்கு மேல் ஆளுக்கு ஒரு தனிப் பெட்டி கிடைத்துவிடும். அமெரிக்க ஜனங்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரத்தாலேயே தனியாகப் பிரித்துவிடலாம் என்று ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் கணக்குக் காட்டினார்.

எனக்கு இது கம்ப்யூட்டர் இல்லாமலே புரிந்தது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால், யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பேர் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. வயசு இருந்தது, டாக்டர் பேர் இருந்தது, தேதி இருந்தது, சர்க்கரை எவ்வளவு என்பதும் இருந்தது. அந்த டாக்டரின் தெருவில் வசிக்கிறவர் எவராவது வாங்கியிருந்தால் முடிந்தது கதை. கடலையைத் தின்றுவிட்டு காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

ஏ.ஓ.எல்.லுக்கு வருவோம். விஷயம் வெடித்ததும், வெளியிட்ட மூன்றே நாளில் ஃபைலை எடுத்துவிட்டார்கள். என்ன பிரயோசனம்? அதற்குள் பிரதி எடுத்தவர்கள் பிரதிக்குப் பிரதி எடுத்துவிட்டார்கள். பெரிய தப்பு நடந்துவிட்டது என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அதே மாதத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார். இரண்டு ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். வழக்கும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இதே 2006 தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் ஒரு வழக்குக்காகத் தேடல் விவரங்களைக் கொடு என்று கோர்ட்டுக்குப் போனபோது, முடியாது என்று கூகுள் எதிர்த்து நின்றது. ஜனங்கள் தட்டிய தேடல்களைக் கொடுக்க வேண்டியதில்லை என்று மார்ச்சில் நீதிபதி சொன்னார். அரசாங்கத்துக்கு கூகுள் கொடுக்க மறுத்த மாதிரி விவரத்தை ஐந்து மாதம் கழித்து ஏ.ஓ.எல். ஊருக்கே சும்மா கொடுத்தது.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருகிறது. ஃபைல் பல ஆராய்ச்சியாளர்கள் கையில் இருந்தது. தொடலாமா, கூடாதா? வருஷக்கணக்காக ஏங்கிய பொருள். வெளியே வந்தாச்சு, இனி நான் தொடாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்று மனசு கேட்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் க்ளைன்பர்க், இந்தத் துறையில் பெரிய கை. ஃபைலை இறக்கி வைத்திருந்தும் அதை வைத்து ஆராய்ச்சி செய்கிற உத்தேசம் இல்லை என்றார். தனி மனிதர்களைப் பற்றி அது அளவுக்கு மீறிச் சொல்கிறது என்பது அவர் கட்சி. இது சட்டம் போட்டு வந்த தடை அல்ல, அவராகச் சொன்னது. திருட்டு நகை மலிவாக வந்தால் வாங்காத ஆசாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களை நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

சூடு ஆறுவதற்குள், அக்டோபரில் அடுத்த கம்பெனி வந்தது. நெட்ஃபிளிக்ஸ். அப்போது அது தபாலில் டிவிடி அனுப்புகிற கம்பெனி. உங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று எங்கள் கம்ப்யூட்டர் சொல்வதை 10 சதவீதம் மேம்படுத்திக் காட்டுங்கள், 10 லட்சம் டாலர் பரிசு என்று போட்டி வைத்தது. பயிற்சிக்காக, சுமார் 4,80,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்குப் போட்ட 10 கோடி மார்க்குகளை வெளியிட்டது. பேரை எடுத்துவிட்டோம், கவலைப்படாதீர்கள் என்று அதே பாட்டு.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அர்விந்த் நாராயணன் என்ற ஆராய்ச்சி மாணவர். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர். வழிகாட்டி விடாலி ஷ்மாடிகோவ். சினிமா பற்றிய ஐ.எம்.டி.பி. என்ற தளத்தில் ஜனங்கள் பகிரங்கமாக மார்க் போடுவது வழக்கம். அங்கே போட்டதையும் நெட்ஃபிளிக்ஸில் போட்டதையும் பொருத்திப் பார்த்தார்கள் இருவரும். ஒருவர் மார்க் போட்ட 8 படம் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தப்பாக இருக்கலாம், தேதி இரண்டு வாரம் முன்னே பின்னே இருக்கலாம், அப்படியும் 99 சதவீதம் பேருடைய பட்டியலைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். போட்டி அறிவித்து மூன்று வாரம் முடிவதற்குள் அவர்களுடைய முதல் கட்டுரை வெளியே வந்துவிட்டது.

சினிமாதானே, இதில் என்ன மானம் போகிறது என்பீர்கள். 2009 டிசம்பரில் ஓர் அம்மா கலிஃபோர்னியா கோர்ட்டுக்குப் போனார், தன் பேரை மறைத்துக்கொண்டு. அவர் பெண்ணை விரும்புகிற பெண். ஊருக்குச் சொல்லாமல் வாழ்கிறவர். நான் பார்த்த படங்களின் பட்டியலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், என் பிழைப்பும் பிள்ளைகளும் பாதிக்கப்படுவார்கள் என்பது அவருடைய புகார். ஒருவர் எப்போது, யாரிடம், எதைச் சொல்வது என்பதை ஒரு டிவிடி கம்பெனி முடிவு செய்யலாமா? 2010 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் சமரசத்துக்கு வந்தது. திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

ஜார்ஜியா அம்மாள், செய்தி வந்த அன்றைக்கே ஏ.ஓ.எல். சந்தாவை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். ஃபைல் மட்டும் நிற்கவில்லை. க்ளைன்பர்க் தொடாவிட்டால் என்ன, தொட்டவர்கள் நிறைய. அதை வைத்து வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவிக்கொண்டே போனது. அதில் எங்கோ ஓர் இடத்தில், கண்ட இடத்தில் மூத்திரம் போகிற நாயை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது, அதே 7 இலக்க நம்பரோடு.