நீடு வாழ்தலும் நன்கு வாழ்தலும்
புளியங்கூடலை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நூறாண்டு வாழ்க என வாழ்த்துதல் நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கு. வாழ்த்துப் பெற்றவர் அந்நூறாண்டையும் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பதை அவ்வாழ்த்துக் கூறுவதில்லை. கண்ணொளி மங்கிக் கால் தளர்ந்து பேச்சுத் துணையுமின்றிக் கழியும் ஆண்டுகளும் எண்ணிக்கையில் ஆண்டுகளே. ஆகவே ஆயுளின் நீட்சி வேறு, முதுமையின் நலம் வேறு என்பதை முதற்கண் பகுத்துணர்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வளர்ந்தனவா, அன்றி ஒன்று வளர மற்றொன்று தேய்ந்ததா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பொருளோ பெரிது, எல்லையோ சிறிதாதல் நன்று. எனவே யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள புளியங்கூடல் என்னும் சிற்றூரை முன்வைத்து இதனை நோக்குவாம்.

ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றன் பெயரால் லைடன் என வழங்கிய தீவிலே, ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, சுருவில், சரவணை முதலிய ஊர்களின் அயலிலே அமைந்தது புளியங்கூடல். பெயரைக் கேட்டவுடன் புளியமரங்கள் நினைவிற்கு வரும். ஊரைப் பார்த்தவுடன் பனைமரங்களே கண்ணிற் படும். இந்தன் முத்துவிநாயகர் கோயிலும் மகாமாரி அம்பாள் கோயிலும் ஊரவர் வாழ்வின் நடுநிலையமாய் விளங்குவன. நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல், சுற்றிலும் கடல். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து முடியும். நன்னீர்க் கிணறு உள்ளவன் பேறுடையவன். இத்தகைய மண்ணிலே உடல் வருந்தாது உண்டவர் எவருமிலர்.

முதுமையைப் பற்றி எண்ணுவார்க்குச் சங்கச் சான்றோராகிய பிசிராந்தையார் நினைவிற்கு வாராதிரார். ஆண்டு பல கழிந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாதென வினவியோர்க்கு அவர் தந்த விடை புறநானூற்றிலே 191-ஆம் பாட்டாக உள்ளது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றின் மேலாகத் தாம் வாழும் ஊரிலே கொள்கைச் சான்றோர் பலர் என்பனவே அவர் காட்டிய காரணங்கள். உண்ட உணவைப் பற்றியோ அருந்திய மருந்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கூறிற்றிலர். முதுமையின் நலத்தை வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் தேடிய இவ்விடையை ஓர் அளவுகோலாகக் கொண்டு நம் ஊரின் வரலாற்றை அளந்து பார்க்கலாம்.

நம் முன்னோர் யாவரும் நோயின்றி நூறாண்டு வாழ்ந்தனர் என்னும் கூற்று ஊர்தோறும் கேட்கப்படுவது. வரலாறு அதனை ஒப்பவில்லை. 1946-ஆம் ஆண்டிலே இலங்கையிற் பிறந்த ஒருவர் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க ஆயுள் ஏறத்தாழ 43 ஆண்டுகளே. அவ்வாண்டிலே உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. கொடிய மலேரியா பரவிய 1935-ஆம் ஆண்டிலோ அத்தொகை 263 ஆயிற்று. பெரியம்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் ஊர்களை வெறுமையாக்கிய காலங்கள் முன்னே பல இருந்தன. ஊர்தோறும் மாரியம்மனை வேண்டி நிற்கும் வழிபாட்டிலே அம்மை நோயின் அச்சம் இன்றும் பதிந்து கிடக்கின்றது.

அங்ஙனமாயின் திண்ணையிலிருந்து கதை கூறிய தொண்ணூறு வயதுப் பாட்டனார் பொய்யோ எனின், அன்று. சராசரி ஆயுள் 43 என்பதன் பொருள் எல்லாரும் அவ்வயதில் இறந்தனர் என்பதன்று. குழந்தைப் பருவத்திலே இறந்தோர் தொகை மிகுதியாதலின் சராசரி தாழ்ந்தது. அப்பருவத்தைக் கடந்தோருள் ஒரு சாரார் முதிர்ந்த வயது வரை வாழ்ந்தனர். நம் நினைவில் நிற்போர் அவர்களே. தொட்டிலிலே மடிந்தோரை நினைப்பார் இல்லை. பழமையைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

பிழைத்து மூத்த அம்மனிதர் வாழ்ந்த முறைதான் யாது? குரக்கன், சாமை, தினை, வரகு என்பன அவர் உணவு. ஒடியற் பிட்டும் ஒடியற் கூழும், பனங்கிழங்கும் பனாட்டும், முருங்கையிலையும், கரையிற் கிடைத்த மீனும் நண்டும் அவற்றோடு சேர்ந்தன. நெற்சோறு விளைச்சலின் அளவிற்கேற்பவே அமைந்தது. துலா மிதித்து நீர் இறைத்தலும், தோட்டம் கொத்துதலும், பனை ஏறுதலும், துறைக்கும் கோயிலுக்கும் கால்நடையாகச் செல்லுதலும் அன்றாடத் தொழில்கள். உடற்பயிற்சி என ஒன்றை அவர் தனியே செய்திலர், வாழ்க்கையே பயிற்சியாயிற்று. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே அறிவுறுத்தியதைப் பலர் வறுமையினாலேயே கைக்கொண்டனர். நோயுற்றபோது யாழ்ப்பாண மன்னர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய நூல்வழி வந்த பரியாரிமார் துணை நின்றனர். 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தும், நூல்களை மொழிபெயர்ப்பித்தும் மற்றொரு வழியைத் திறந்தார்.

எனினும் அவ்வாழ்க்கையிலே குறைகளும் இருந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று பொருள் ஈட்டித் தந்தது. அப்புகையிலையே சுருட்டாகவும் வெற்றிலையோடு மெல்லும் துண்டாகவும் பல முதியோர்க்கு வாய்ப்புற்றுநோயையும் நெஞ்சு நோயையும் தந்தது. பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1946-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் ஆணின் ஆயுளினும் குறைந்ததாக இருந்தது. மகப்பேற்றின்போது நேர்ந்த இறப்புக்கள் அதற்கு ஒரு முதன்மையான காரணம். ஆகவே அக்கால உணவையும் உழைப்பையும் போற்றலாம். அக்காலத்தையே மீட்டல் வேண்டும் என விரும்பலாகாது.

ஆயின் ஒன்றிலே அக்காலம் நம்மினும் மேம்பட்டிருந்தது. அஃது முதியோர்க்கு ஊரிலே இருந்த இடம். 1707-ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த உத்தியோகத்தர் தொகுத்த தேசவழமை இதற்கு ஒரு சான்று. பெற்றோர் வாழும் வரை ஆண்மக்கள் முதுசத்திலே பங்கு கேட்டல் இயலாது. மணமாகு முன் அவர் ஈட்டிய பொருளும் குடும்பத்தின் பொதுப் பொருளோடு சேர்தல் வேண்டும் என்பது அதிற் காணப்படும் விதி. அன்பு மாத்திரமன்றி வழக்கமும் பெற்றோரின் முதுமையைக் காத்தது என்பது இதனாற் பெறப்படும். அன்பு குன்றிய வீட்டிலும் உரிமை குன்றவில்லை.

அன்றியும் முதியோர்க்குத் தொழில் இருந்தது. கோயில்களிலே கந்தபுராணம் படிக்கப்படுங்கால் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். பயன் சொல்லுதற்குக் குரல் வளம் வேண்டுவதில்லை. கற்றறிவும் வாழ்ந்தறிவும் வேண்டும். எனவே அவ்விடம் பெரும்பாலும் மூத்தோர்க்கே உரியதாயிற்று. வழக்குத் தீர்த்தலும், நாட்பார்த்தலும், பேரப்பிள்ளைக்கு ஏடு தொடக்குதலும் அவர் கடமைகள். தெருவோரத்துச் சங்கடப்படலையிலே அமர்ந்திருந்த கிழவரைக் கடந்து செல்வோர் ஒரு சொல்லேனும் பேசாது செல்லார். நாள் முழுதும் நடவாதிருந்தும் அவர் ஊரோடு வாழ்ந்தார்.

இந்நிலை மாறத் தொடங்கியது போரினால் மட்டுமன்று. அதற்கு நெடுங்காலம் முன்பே மாற்றம் தொடங்கிற்று. மலாயாவில் 1885-ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதன் பின், ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அந்நாட்டு அரசாங்கப் பகுதிகளிலே உத்தியோகம் பெற்றுச் சென்றனர். தீவகத்தார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாணிகஞ் செய்தனர். காசுக்கட்டளையை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் பெருகின. ஆயினும் சென்றோர் மீண்டனர் என்பது கருதத்தக்கது. மலாயாப் பென்சன்காரர் என ஊரவர் அழைத்த முதியோர், உபகாரச் சம்பளத்துடன் தம் ஊருக்குத் திரும்பி வந்து, கிணறு வெட்டி, வீடு கட்டி, கோயில் திருப்பணி செய்து, இறுதி நாட்களை உறவினர் நடுவே கழித்தனர். செர்மனியிலே 1889-ஆம் ஆண்டும் பிரித்தானியாவிலே 1908-ஆம் ஆண்டும் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்ட முதுமைக் காப்புப் போன்ற ஒன்றை, உத்தியோகம் பார்த்த சிலர் நம் ஊர்களிலே இவ்வாறு துய்த்தனர். உழவரும் கடற்றொழிலாளரும் அதனைப் பெற்றிலர். இலங்கையில் உழவர்க்கு 1987-ஆம் ஆண்டிலும் கடற்றொழிலாளர்க்கு 1990-ஆம் ஆண்டிலுமே ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இனி ஆயுள் நீண்ட வரலாற்றைக் காண்போம். 1946-இல் 43 ஆக இருந்த சராசரி ஆயுள் 1947-இல் ஏறத்தாழ 52 ஆயிற்று. ஓராண்டில் இத்துணை ஏற்றம் உலக வரலாற்றிலேயே அரிது. வீடுதோறும் தெளிக்கப்பட்ட டீ.டீ.ரீ. மருந்து மலேரியாவை ஒடுக்கியதே காரணம் என்பர் ஒரு சாரார். மலேரியா மிகுதியாக இல்லாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமையை எடுத்துக்காட்டி, இலவச வைத்தியசாலைகளும், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும், உணவுப் பங்கீடும் காரணங்களாம் என்பர் மற்றொரு சாரார். 1926-இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், 1945-இல் வந்த இலவசக் கல்வியால் எழுத்தறிவு பெற்ற தாய்மாரும் இம்முன்னேற்றத்திற் பங்குடையர் என்பதில் ஐயமில்லை. இன்று இலங்கையரின் சராசரி ஆயுள் 75 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. குழந்தை இறப்பு ஆயிரத்துக்குப் பத்திற்கும் குறைந்தது. 2016-ஆம் ஆண்டு இந்நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை விஞ்சிவிட்டது.

ஆண்டுகள் கிடைத்தன, அவ்வாண்டுகளைப் பகிர்ந்துகொள்வோர் அகன்றனர். 1983-ஆம் ஆண்டின் பின் இளைஞர் கடல் கடந்து கனடா, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளுக்குப் பெருந்தொகையாகச் சென்றனர். 1990-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே போர் லைடன் தீவினுட் புகுந்தபோது தீவக மக்கள் ஊர்களைவிட்டு ஓடினர். பின்னர் மீண்டோர் சிலர், மீளாதோர் பலர். மலாயாவிற்குச் சென்றவர் முதுமையிலே ஊருக்கு வந்தார். கனடாவிற்குச் சென்றவரோ தம் முதுமையையும் அங்கேயே கழிக்கின்றார். இஃதே இரு புலப்பெயர்வுகளுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாடு. இலங்கை மக்களுள் 60 வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் 1981-இல் நூற்றுக்கு 6.6 ஆக இருந்தனர், 2012-இல் 12.4 ஆயினர். இளையோர் அகன்ற தீவக ஊர்களிலே இம்மாற்றத்தைக் கணக்கெடுப்பின்றியும் காணலாம். பூட்டிய வீடுகளின் நடுவே ஒரு வீட்டிலே விளக்கெரியும். அங்கே பெரும்பாலும் தனித்திருப்பவர் ஒரு மூதாட்டியார். அவர் பாட்டியார் வாழாத ஆண்டுகளை அவர் வாழ்கின்றார். பாட்டியார் பெற்ற பேச்சுத் துணையை அவர் பெற்றிலர்.

வாழ்க்கை முறையும் மாறிற்று. ஒடியலின் இடத்தைப் பாணும் தீட்டிய அரிசியும் கொண்டன. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் கொண்டது. நீரிழிவும் குருதியழுத்தமும் இன்று முதியோரின் பொது நோய்கள். இது நமக்கே உரிய கதையன்று. வற்றாளங்கிழங்கை முதன்மை உணவாகக் கொண்டு நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற ஒகினாவாத் தீவினர், போரின் பின் உணவு மாறியதும் அச்சிறப்பை இழக்கத் தலைப்பட்டனர். யப்பானின் 47 மாவட்டங்களுள் அவர்தம் ஆடவர் 2000-ஆம் ஆண்டுக் கணக்கிலே 26-ஆம் இடத்திற்கு இறங்கினர். உணவும் உழைப்பும் ஒரு தலைமுறையிலேயே இழக்கத்தக்க செல்வங்கள் என்பதற்கு இஃதோர் எச்சரிக்கை. மற்றொரு சான்று அமெரிக்காவிலிருந்து வருவது. ஆர்வாட் பல்கலைக்கழகத்தார் 1938-ஆம் ஆண்டு தொடங்கித் தலைமுறைகளாகச் சிலர் வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்து, முதுமையின் உடல் நலத்திற்கும் மன நலத்திற்கும் அன்புடைய உறவுகள் பெருந்துணை என்னும் முடிவிற்கு வந்தனர். பிசிராந்தையார் கூறிய விடையிலிருந்து அது நெடுந்தூரம் விலகியதன்று.

ஆகவே இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவது யாது? முன்னோர்க்கு ஆயுள் குறைவாயினும் முதுமைக்கு மதிப்பு இருந்தது. நமக்கு ஆயுள் மிகுதியாயினும் முதுமைக்கு இடம் இல்லையாகின்றது. முன்னதை மருத்துவம் திருத்திற்று. பின்னதை மருத்துவம் திருத்தமாட்டாது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது; பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென அது விதிக்கின்றது. கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. இவை வேண்டுவனவே. ஆயினும் சட்டம் உணவைப் பெற்றுத் தரலாம். ஒருவர் சொல்லைக் கேட்க மற்றொருவரைப் பெற்றுத் தரமாட்டாது.

செய்யத்தக்கன சிறியன. கோயில்களிலே புராண படனத்தை மீளத் தொடங்கி மூத்தோரைப் பயன் சொல்ல அழைக்கலாம். மாணவர் விடுமுறை நாட்களிலே அவர்பாற் சென்று ஊரின் பெயர்களையும் குளங்களையும் கிணறுகளையும் பற்றி எழுதி வைக்கலாம். தொகுப்பவர்க்கு வரலாறு கிடைக்கும். சொல்பவர்க்குக் கேட்போர் கிடைப்பர். கடல் கடந்து வாழ்வோர் கோபுரத்திற்கு அனுப்பும் பொருளில் ஒரு பகுதியைத் தனித்திருப்போரை நாள்தோறும் சென்று பார்க்கும் பணிக்கு ஒதுக்கலாம்.

பிசிராந்தையார் கூறிய காரணங்களுள் இறுதியானது தாம் வாழ்ந்த ஊரைப் பற்றியது. மனைவி மக்களைப் பெறுதல் ஒருவர் பேறு. ஊரோ பலர் கூடி ஆக்குவது. இன்று இவ்விதழைக் கையிற் கொண்டிருக்கும் மாணவரும் ஒருநாள் நரை காண்பர். அவர் வாழப்போகும் ஊரை அன்று ஆக்க இயலாது. இன்றே ஆக்குதல் வேண்டும்.