கிரிசு (எண்–எழுத்து மாற்ற வழிமுறை)

கணினி இரும எண்ணாக வைத்திருக்கும் தசம மதிப்பை எழுத்துச் சரமாக விரைந்து மாற்றும் வழிமுறை. ஃப்ளோரியன் லாய்ட்ச் 2010இல் வெளியிட்டார்.

0.1 என்ற எண்ணை 64 பிட்டில் சேமித்தால் அதன் துல்லிய மதிப்பு, புள்ளிக்குப் பின் 55 இலக்கங்கள் வரை நீளும். ஆனால் திரையில் ‘0.1’ என்று காட்டினாலே போதும். திரும்பப் படிக்கையில் அதே எண் கிடைத்துவிடும். இப்படி மிகக் குறுகிய வடிவத்தைக் கண்டறிவதே கடினமான பகுதி. 1990இல் ஸ்டீலும் ஒயிட்டும் வெளியிட்ட டிராகன்4 இதைப் பிழையின்றிச் செய்தது. ஆனால் பெருமுழுவெண் கணக்குகளால் அதன் வேகம் குறைந்தது. கிரிசுவோ பத்தின் அடுக்குகளை முன்பே அட்டவணையிட்டு, 64 பிட் முழுவெண்களால் வேலையை முடிக்கிறது. அதன் சிறந்த வடிவமான கிரிசு3, ஏறத்தாழ 99.5 விழுக்காடு எண்களுக்கு உறுதியான விடை தரும். ஐயமுள்ளவற்றைத் தானே அடையாளங்கண்டு பழைய முறைக்கு அனுப்பிவிடும். இந்த நேர்மைதான் அதன் உண்மையான சாதனை. கூகுளின் வி8 ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் இதை ஏற்றது. 2018இல் உல்ஃப் ஆடம்ஸ் வெளியிட்ட ரியூ என்ற வழிமுறை, மாற்றுவழியே தேவைப்படாமல் எல்லா எண்களையும் கையாள்கிறது.