புளூ மண்டே: 1983-ஆ, 1988-ஆ?

மான்செஸ்டர் இசைக்குழுவான நியூ ஆர்டரின் 'புளூ மண்டே'யை நேசிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். 1983 மார்ச்சில் வந்த 7 நிமிடம் 29 வினாடிப் பதிவுதான் பாட்டு, மற்றதெல்லாம் வியாபாரம் என்பது ஒரு கட்சி. 1988-இல் குவின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில் ஜான் பொடோக்கர் செய்த ரீமிக்ஸில்தான் பாட்டுக்கு முழு உடம்பு வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாடுபவர் பெர்னார்ட் சம்னர்தான். வரிகளும் மெட்டும் மாறவில்லை. ஆனாலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டும் இரண்டு வேறு மனநிலையில் நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன. நான் முதல் கட்சி. ஆனால் எதிர்க்கட்சி சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் 1983. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டபின், ஜாய் டிவிஷன் குழுவில் எஞ்சிய மூவர் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். கில்லியன் கில்பர்ட் நான்காவதாகச் சேர்ந்தார். கிட்டார் குழுவாக இருந்தவர்கள் நியூயார்க் கிளப்புகளில் ஒலித்த நடன இசையில் சொக்கிப்போனார்கள். 'புளூ மண்டே' எதிலிருந்தெல்லாம் பிறந்தது என்பதை அவர்கள் மறைத்ததே இல்லை: டோனா சம்மரின் 'அவர் லவ்' பாட்டின் தாளம், சில்வெஸ்டரின் டிஸ்கோ பாட்டிலிருந்து பேஸின் ஓட்டம், கிளைன் அண்ட் எம்.பி.ஓ.வின் 'டர்ட்டி டாக்'கிலிருந்து அமைப்பு. பின்னணியில் வரும் கூட்டுக்குரல் கிராஃப்ட்வெர்க்கின் 'யுரேனிய'த்திலிருந்து சாம்பிள் செய்யப்பட்டது. குழுவில் ஒருவரான பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டாருக்கோ எனியோ மோரிக்கோனியின் கௌபாய் பட இசை தூண்டுதல். கேட்பவருக்கு இத்தனை கடனும் கண்ணில் படாது, ஏனென்றால் ஒட்டிய விதம் முழுக்க அவர்களுடையது.

அந்த ஒட்டும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை இன்றைய மடிக்கணினித் தலைமுறை எளிதில் ஊகிக்க முடியாது. இசைக்கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் 'மிடி' முறை அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தது. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின் ஒரு பக்கம். சம்னர் உதிரிபாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிய சீக்வென்சர் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்கத் தனியாக ஒரு மின்சுற்று செய்விக்க வேண்டியிருந்தது. பாட்டு முழுவதையும் ஸ்வரம் ஸ்வரமாக இயந்திரத்துக்குள் ஏற்றும் பொறுப்பு கில்பர்ட்டுடையது. ஏ4 தாள்களில் எழுதி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டுடியோவின் நீளத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு அழுத்தினார். எங்கோ ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. அதனால் சிந்தசைசர் மெட்டு தாளத்தைவிட்டு ஒரு நூலிழை விலகியே ஓடுகிறது. அந்த விலகல்தான் பாட்டின் உயிர் என்பேன். தாளம் கறாராக நேர்கோட்டில் போக, மெட்டு அதன்மேல் சற்றே சரிந்து நடக்கிறது. இதனால்தான் இயந்திரம் வாசித்தது என்று தெரிந்தும் நமக்கு அலுப்பதில்லை.

தொடக்கத்தையும் கவனியுங்கள். கிக் டிரம் மட்டும் தனியாக விழுகிறது. நிதானமாகச் சில அடி, பிறகு படபடவென்று நெருக்கி ஒரு வரிசை. அதன்மேல் ஒவ்வொரு ஒலியாக வந்து உட்கார்கிறது. குரல் வருவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சிங்கிளில் அது பெரிய துணிச்சல். வந்த குரலும் கெஞ்சவில்லை, உருகவில்லை. மனக்காயத்தைச் சொல்லும் வரிகளை உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடுகிறார் சம்னர். குரல் ஓய்ந்த பிறகும் இயந்திரங்கள் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பொறுமைக்கு இடம் கொடுத்தது 12 அங்குல இசைத்தட்டு. 7 அங்குலத் தட்டில் ஏழரை நிமிடத்தைத் திணித்தால் வரித்தடங்கள் நெருங்கி, ஓசை சன்னமாகிவிடும். அகன்ற தட்டில் தடங்கள் விரிந்து அமைவதால் கிக் டிரமும் பேஸும் முழு பலத்தோடு பதியும். கிளப் ஒலிபெருக்கியில் நெஞ்சில் இடிப்பது அதனால்தான். 1983-இல் ஃபேக்டரி நிறுவனம் 12 அங்குலமாக மட்டுமே இதை வெளியிட்டது. கணினி ஃபிளாப்பி வட்டைப் போலத் துளைகள் வெட்டிய உறையை வடிவமைத்தவர் பீட்டர் சாவில். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் இருந்த வண்ணக் கட்டங்களே எழுத்துகள். வானொலிக்கு நீளம், கடைக்காரருக்குப் பெயரில்லாத உறை. இவ்வளவுக்கும் பிறகு பிரிட்டிஷ் பட்டியலில் 9-ஆம் இடத்தைப் பிடித்தது. உலகில் மிக அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்ற பெயர் இன்றுவரை இதற்குத்தான்.

இனி 1988. அமெரிக்காவில் நியூ ஆர்டரின் தட்டுகளை வெளியிட்டது குவின்சி ஜோன்ஸின் க்வெஸ்ட் நிறுவனம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', 'பேட்' ஆல்பங்களைத் தயாரித்தவர் கைக்குப் 'புளூ மண்டே' வந்தபோது, அவர் காதுக்கு எது குறையாகப் பட்டிருக்கும் என்பதை ரீமிக்ஸே சொல்கிறது. மூலத்தில் வெற்றிடம் இருந்த இடமெல்லாம் நிரப்பப்பட்டிருக்கிறது. புதிய தாள ஒலிகள் ஏறியிருக்கின்றன. வெட்டி ஒட்டிய ஒலித்துணுக்குகள் அங்கங்கே துள்ளுகின்றன. சிங்கிள் வடிவம் நான்கு நிமிடத்துக்குச் சுருங்கியிருக்கிறது. குரலும் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஓசை பளிச்சென்று துலங்குகிறது. எந்த ஒலி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த கைகளின் வேலை இது, அதில் சந்தேகமில்லை.

இந்த முறை 7 அங்குலத் தட்டும் வந்தது, வானொலியும் தாராளமாகப் போட்டது. அனிமேஷன் கலைஞர் ராபர்ட் பிரீரின் கோட்டோவியங்களும் புகைப்படக் கலைஞர் வில்லியம் வெக்மேனின் நாயும் சேர்ந்த அழகான வீடியோ ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 3-ஆம் இடம், அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம். ரீமிக்ஸ் கட்சியின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. கிளப் வாசலையே மிதிக்காத, 12 அங்குலத் தட்டைக் கையில் தொட்டே பார்க்காத எத்தனையோ பேருக்கு இந்தப் பாட்டு 1988 வடிவில்தான் அறிமுகமானது. முதன்முதலில் காதில் விழுந்த வடிவம் மனத்தில் மூலமாகிவிடுவது இயல்பு. அவர்களிடம் போய் நீங்கள் கேட்டது போலி என்று சொல்வது அநியாயம்.

ஆனால் ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தயக்கமில்லை. ரீமிக்ஸ் கேட்பவரை மகிழ்விக்க ஒவ்வொரு நொடியும் முயல்கிறது. மூலம் அந்த முயற்சியே எடுப்பதில்லை. நம்மைக் காத்திருக்க வைக்கிறது. துக்கத்திலிருந்து எழுந்து வந்த ஒரு குழு, ஆடுகளத்தின் நடுவில் நின்றுகொண்டு தனிமையைப் பற்றிப் பேசுகிறது என்ற உணர்வு அந்த வெற்றிடங்களில்தான் இருக்கிறது. அவற்றை நிரப்பியதும் அது நல்ல நடனப் பாட்டாகிவிட்டது. நல்ல நடனப் பாட்டுகள் எண்பதுகளில் ஏராளம். 'புளூ மண்டே' 1983 ஒன்றுதான்.

குழுவின் நினைப்பும் இதுவாகவே இருந்திருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. 1987-இல் சிங்கிள்களைத் திரட்டி 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பை வெளியிட்டபோது, 'டெம்ப்டேஷன்', 'கன்ஃப்யூஷன்' இரண்டையும் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்தார்கள். 'புளூ மண்டே'யையோ பழையபடியே விட்டுவிட்டார்கள்.

இதுவரை கேட்டிராதவர்கள் இணையத்தில் தேடும்போது நேரத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். நான்கு நிமிடத்தை ஒட்டி இருந்தால் அது 1988. ஏழரை நிமிடம் என்றாலும் பெயரோடு 88 என்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ரீமிக்ஸுக்கும் நீண்ட வடிவம் உண்டு. 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பில் இருப்பது 1983. அதை முதலில் கேளுங்கள், கைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம், பேஸ் நன்றாகக் கேட்கும் ஹெட்போனில். ரீமிக்ஸை அதற்குப் பிறகு போடுங்கள்.