இருமுனைக் கோளாறு

'இரண்டு' என்பதன் அடை வடிவமான 'இரு', நுனியையும் எல்லையையும் குறிக்கும் 'முனை' ஆகியவை சேர்ந்த இத்தொடர், 1957இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட் வகுத்த பாகுபாட்டின் வழிவந்த 'பைபோலார்' என்பதற்கு ஈடாக வழங்குகிறது. ஒரு முனை, இரண்டு வாரமேனும் நீடிக்கும் மனச்சோர்வு. மறுமுனை, உறக்கம் குறைந்தும் களைப்பின்றிப் பேச்சும் செலவும் பெருகி ஒரு வாரமேனும் தொடரும் மிகையெழுச்சி. நாழிகைக்கொரு முறை மாறும் மனநிலையை இருமுனைக் கோளாறு என்று சுட்டுவது பிழை. இளைஞரிடம் பெரும்பாலும் சோர்வே முதலில் தோன்றுவதாலும், அதற்கான மருந்தை மட்டும் தந்தால் சிலரிடம் மிகையெழுச்சி தூண்டப்படக்கூடும் என்பதாலும், முந்தைய எழுச்சிக் காலங்களையும் குடும்ப வரலாற்றையும் மருத்துவர் கேட்டறிவது இன்றியமையாதது. விக்கிரவாண்டி வட்டாரத்தினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ நாடலாம்.