மாத்தளைத் தோட்டங்களிற் செல்வமும் கூலியும் (1869–1900)

தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த தொழிலாளருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக அமைந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையிற் பல நாள் நடந்தே அவர்கள் இவ்வூரை அடைந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டோர் பலர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளை வரை புகையிரதப் பாதை நீண்டது. எனினும் அது தோட்ட விளைபொருளைக் கொழும்புத் துறைக்கு இறக்குவதற்கென வந்த பாதையாகும். வடக்கிலிருந்து வந்த கூலியாள் அதன் பின்னரும் கால்நடையாகவே வந்தான்.

தோட்டங்களுக்கான நிலம், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு துரைமார் கைக்கு மாறியது. அதன் கசப்பு 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியிலும் வெளிப்பட்டது. 1870 அளவில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழ 10 இலட்சம் அந்தராக உயர்ந்திருந்தது. ஆயினும் 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் அச்செல்வத்தின் வேரையே அரித்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் நாணயத்தாள்களுக்குத் தேசாதிபதி கோர்டன் அரசின் பெயரால் உத்தரவாதம் அளித்தார். கூலிப் பாக்கியைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாகக் கொள்ளும் சட்டமும் அதே ஆண்டிற் பிறந்தது. ஆனாற் பட்டுப்போன கோப்பித் தோட்டத்தை விற்று எவ்வளவு தேறும்?

கூலி குறைவாயிருந்தது என்று மட்டும் கூறி அமைவது போதாது; அது எப்போது கைக்கு வந்தது என்பதே முதன்மையான வினாவாகும். மாதக் கணக்கிற் சம்பளம் நிலுவையில் நின்றது. மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்றே 1889ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது. இடைக்காலத்தில் உண்ட அரிசி தோட்டத்துக் கணக்கில் ஏறியது. வழிச்செலவு கங்காணியின் கணக்கில் ஏறியது. கங்காணியோ ஆளெண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்றான், செட்டிமாரிடமும் கடன்பட்டான். அவனையும் சுரண்டியோருள் ஒருவனாகவே கொள்ளுதல் தகும். எனினும் அவன் கைப்பட்டது பெருஞ்செல்வத்தின் சிந்திய மணிகளே.

கடனைத் தீர்த்தாலன்றி விடுதலைத் துண்டு கிடையாது. முன்னறிவித்தலின்றி வெளியேறுவது 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். ஒப்பந்த மீறல் ஒன்றைக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற இவ்வேற்பாடே, கூலி உயராமைக்கு வலுவான காரணம் என்பது எமது கருத்து.

தேயிலைக் காலத்தில் இன்னொரு வேறுபாடும் புகுந்தது. துரைமார் இலண்டனிற் பவுணுக்கு விற்று, இங்கு ரூபாயிற் கூலி கொடுத்தனர். 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங்காயிருந்த ரூபாயின் பெறுமதி, வெள்ளியின் வீழ்ச்சியால் 1890களின் நடுப்பகுதியில் 14 பென்சுக்கும் கீழ் இறங்கியது. ஆண் தொழிலாளியின் நாட்கூலியோ 33 சதத்தை ஒட்டியே நின்றது. அதாவது முன்னர் 8 பென்சு விழுந்த ஓராள் உழைப்பு, முதலாளிக்கு நாலரைப் பென்சளவிற் கிடைத்தது. தேயிலை விலையும் இலண்டனில் இறங்கியதால் இவ்வூதியம் முழுவதும் அவர்களிடம் தங்கியதெனல் பொருந்தாது. ஆயினும் விலைவீழ்ச்சியின் சுமையைத் தாங்கியது எவருடைய கூலி என்பது தெளிவு. 1900இல் ஏற்றுமதி ஏறத்தாழ 15 கோடி இறாத்தலை எட்டியபோதும் நாட்கூலி பெரிதும் அசையவில்லை. துண்டு முறை 1921 வரை நீடித்தது.