காலத்துக்கு அளவுகோல் தந்த அறிஞர்

பகலும் இரவும் மாறி மாறி வருவதைக் கண்ட மனிதன், பூமியின் சுழற்சியையே தன் மணிக்கூடாகக் கொண்டான். ஒரு நாளை 86,400 பங்காக்கி, அதில் ஒரு பங்கைச் செக்கன் என்றான். ஆனால் அந்தப் பூமியோ சீராகச் சுழல்வதில்லை. கடல் வற்றுப்பெருக்கின் உராய்வினால் அதன் வேகம் மெல்ல மெல்லத் தளர்கின்றது. அளவுகோலே நீண்டுகொண்டு போனால் அளப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முன்னிற்பவர் லூயிஸ் எசென் என்னும் ஆங்கிலேயப் பௌதிக அறிஞர்.

1908இல் நொட்டிங்காம் நகரிலே பிறந்த இவர், 1929இல் இலண்டனுக்கு அண்மையிலே தெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1938இல் குவாட்ஸ் படிக வளையத்தின் அதிர்வினால் இயங்கும் மணிக்கூடொன்றை அமைத்தார். 1946இல் கோர்டன் சிமித் என்பவருடன் சேர்ந்து, உலோக உருளையொன்றினுள்ளே நுண்ணலைகளைச் செலுத்தி, ஒளியின் வேகத்தை அளந்தார். செக்கனுக்கு 299,792 கிலோ மீற்றர் என்ற விடை கிடைத்தது. அறிஞர் உலகம் அன்று ஏற்றிருந்ததோ 299,776. வேறுபாடு பதினாறே கிலோ மீற்றர். ஆயினும் ஐயுற்றவர் இருந்தனர். எசென் தம் முடிவைக் கைவிடவில்லை. கருவியைத் திருத்தி 1950இல் மீண்டும் அளந்தார். 299,792.5 என வந்தது. 1957இல் சர்வதேச வானொலி விஞ்ஞானச் சங்கம் அதனையே ஏற்றுக்கொண்டது.

அளவையையே சாட்சியாகக் கொண்ட இம்மனப்பான்மைதான் அவரை அணுவினிடம் அழைத்துச் சென்றது. அமெரிக்காவில் ராபி, ராம்சி ஆகிய அறிஞர்கள் வகுத்த முறைகளைத் துணைக்கொண்டு, எசெனும் ஜாக் பரியும் 1955இல் சீசிய அணு மணிக்கூட்டை இயக்கினர். சூடாக்கிய சீசியத்தின் அணுக்கள் வெற்றிடக் குழாயினூடே விரைகின்றன. அவற்றின்மீது படும் நுண்ணலையின் அதிர்வு, அணுவுக்கே உரிய அதிர்வோடு பொருந்தும்போது அணுக்கள் நிலை மாறுகின்றன. அப்பொருத்தத்தைக் கொண்டு படிக மணிக்கூடு திருத்தப்படுகின்றது. பூமி தளரலாம், சீசிய அணுவின் இயல்போ எங்கும் ஒன்றே.

அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்து மார்க்கோவிட்சுடன் சேர்ந்து, அணுவின் காலத்தை வானத்தின் காலத்தோடு ஒப்பிட்டு, 1958இல் எசென் ஓர் எண்ணை வெளியிட்டார்: 9,192,631,770. அத்தனை அதிர்வுகளே ஒரு செக்கன் என 1967இல் உலகம் விதித்தது. பள்ளியிலே இவ்வெண்ணை மனனஞ் செய்த நாம், அதன் பின்னின்ற மனிதரை அறிந்திலோம்.

அம்மனிதரிடம் ஒரு புதிரும் உண்டு. ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. 1971இல் அதனை மறுத்து நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டு ஹாபெலே, கீற்றிங் என்ற இரு அமெரிக்கர் சீசிய மணிக்கூடுகளை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். நிலத்திலிருந்த மணிக்கூடுகளோடு அவை வேறுபட்டன. அவ்வேறுபாடு ஐன்ஸ்டீனின் கொள்கைக்கு இசைந்திருந்தது. தாம் உலகுக்குத் தந்த கருவியே தமக்கெதிராகச் சாட்சி சொல்லியும், எசென் இணங்கவில்லை. 1997இல் மறையும்வரை அவர் அக்கொள்கையை ஏற்றாரில்லை.

இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது என்பதே எமது துணிபு. எத்துணைப் பெரியோர் சொன்னதாயினும் அளந்து பார்க்க வேண்டுமென்று 1946இல் அவரே உலகுக்குக் காட்டினார். அப்பாடம் அதனைக் கற்பித்தவருக்கும் பொருந்தும். இன்று கற்கும் எமக்கும் பொருந்தும். மூத்தோரைப் போற்றுவோம், அவர்தம் வாக்கையும் எம் வாக்கையும் ஒரே அளவுகோலால் அளக்கப் பழகுவோம்.